அப்பாவை இழந்தவர் இறைவனிடம் என்ன கேட்கலாம்?

கேள்வி: "ஐயா, என் அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. சிறுநீரகம் செயலிழந்து ஓராண்டுக்கு மேல் டயாலிசிஸில் இருந்தார். நோய் தீர்க்கும் தலம் என்று எல்லோரும் சொல்லும் கோயிலில் நேர்ந்துகொண்டேன், விரதம் இருந்தேன். அவர் போய்விட்டார். இப்போது பூஜை அறைக்குள் போனால் அழுகையும் கோபமும்தான் வருகின்றன, அதனால் போவதில்லை. சிறு வயதில் எனக்குத் திருநீறு பூசிவிட்டவர் அவர்தான். அம்மா மட்டும் தினமும் விளக்கேற்றுகிறார். ஓராண்டுக்குக் கோயிலுக்குப் போகக் கூடாது என்று உறவினர்கள் வேறு சொல்கிறார்கள். எனக்கு மறுபடியும் நம்பிக்கை வருமா? வந்தாலும், துயரம் தாங்க முடியாமல் கடவுளைப் பிடித்துக்கொள்வது கோழைத்தனம் இல்லையா?"

பதில்:

தம்பி, உங்கள் கேள்வியில் மிகவும் கடினமான பகுதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நேர்ந்துகொண்டீர்கள், விரதம் இருந்தீர்கள், அப்பா பிழைக்கவில்லை. இதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்லியிருப்பார்கள். "அவர் விதி அவ்வளவுதான்" என்பார்கள். "ஊழ்வினை" என்பார்கள். "இன்னும் கிடந்து அவதிப்படாமல் போய்ச் சேர்ந்தாரே, அதுவே அருள்" என்பார்கள். ஊழையும் வினையையும் பற்றி நம் நூல்கள் ஆழமாகப் பேசுகின்றன, அவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஒருவர் தம் வாழ்க்கையைத் தாமே எண்ணிப் பார்ப்பதற்கான கொள்கை. தகப்பனைப் பறிகொடுத்து நிற்பவரின் முகத்துக்கு நேரே எடுத்து வீசுவதற்கு உரியதன்று. அப்படிச் சொன்னவர்கள்மேல் உங்களுக்கு வெறுப்பு வந்திருந்தால் அதில் தவறில்லை.

பல ஆண்டுகளாகத் திருமுறை வகுப்பு நடத்துகிறேன். துக்க வீடுகளில் சிவபுராணமும் தேவாரமும் பாட அழைப்பார்கள், போவேன். உங்களைப் போல் கேட்கும் பிள்ளைகளை அங்கே பார்த்திருக்கிறேன். "மார்க்கண்டேயனுக்காகத் திருக்கடவூரில் காலனையே உதைத்தாராமே, என் அப்பாவுக்காக ஏன் உதைக்கவில்லை?" என்பார்கள். நியாயமான கேள்வி. காலனை உதைத்த அந்தத் திருவடியைத் திரும்பத் திரும்பப் பாடியவர் அப்பர் பெருமான். அவருடைய அப்பாவும் அம்மாவும் அவருடைய இளம் வயதிலேயே அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அவர்களுக்காக யாரும் காலனை உதைக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் பாடினார். இறைவனை நம்பினால் நம் வீட்டில் சாவு நிகழாது என்று அவர் எங்கும் சொல்லவில்லை. தந்தையார், தாயார், உடன்பிறந்தார், தாரம், பிள்ளைகள் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இவர்களெல்லாம் வந்தது எப்படி, போவது எங்கே என்று திகைத்து நின்று கேட்கும் தாண்டகம் அவருடையது. நீங்கள் வைத்த நேர்த்தி பலிக்காமல் போனதற்கு உங்கள் பக்தியில் குறை தேடாதீர்கள். உப்பைக் குறைத்தது போதவில்லையோ, விரதத்தில் ஏதாவது விட்டுப்போயிற்றோ என்று இரவில் எண்ணிக்கொண்டிருப்பீர்கள். அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

கோபத்துக்கு வருகிறேன். பூஜை அறைக்குப் போனால் கோபம் வருகிறது, அதனால் போவதில்லை என்கிறீர்கள். போங்கள். கோபத்தோடு போங்கள்.

சுந்தரருக்குக் கண் இரண்டும் போயிற்று. மனைவி சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத் திருவொற்றியூரைத் தாண்டியதால் வந்த வினை அது. காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. திருவாரூர் வந்து மற்றக் கண்ணைக் கேட்கிறார். கெஞ்சவில்லை, சண்டை போடுகிறார். குற்றம் ஒன்றும் செய்ததில்லை, என்னைக் குருடாக்கினீர், எதற்காக என் கண்ணைக் கொண்டீர், "நீரே பழிப்பட்டீர்" என்கிறார். மற்றக் கண்ணைத் தராவிட்டால் "வாழ்ந்து போதீரே" என்று முடிக்கிறார். நீராவது நன்றாக வாழ்ந்துவிட்டுப் போம் என்று, மனம் வெந்த மனிதன் பெற்ற தகப்பனைப் பார்த்துச் சொல்லும் சொல் அது. அந்தப் பதிகத்தை யாரும் தேவாரத்திலிருந்து நீக்கவில்லை. ஏழாம் திருமுறையில் இருக்கிறது, இன்றும் ஓதுவார்கள் சந்நிதியில் நின்று பண்ணோடு பாடுகிறார்கள். இப்படியும் இறைவனிடம் பேசலாம் என்று நம் பெரியவர்கள் ஒப்புக்கொண்டு வைத்திருக்கிறார்கள். எனவே பூஜை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு, "ஏன் கேட்கவில்லை?" என்று கேளுங்கள். அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். அதற்குப் பெயரும் வழிபாடுதான். மனத்துக்குள் பொருமிக்கொண்டு வெளியே கை கூப்புவதைவிட இது நேர்மையானது.

அழுகையைப் பற்றிச் சொல்லப் பட்டினத்தாரிடம்தான் போகவேண்டும். அவரைவிடப் பெரிய துறவியை நம் மரபு காட்டாது. காவிரிப்பூம்பட்டினத்துப் பெருவணிகர், காதற்ற ஊசியும் கடைவழிக்கு வராது என்ற ஓர் ஓலை வாசகத்தைக் கண்டு அத்தனை செல்வத்தையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு தெருவில் இறங்கியவர். பதினொன்றாம் திருமுறையில் பாடிய பட்டினத்தாரும் இவரும் ஒருவரா, வேறு வேறா என்று ஆய்வாளர்கள் வாதிடுவார்கள். நமக்கு இப்போது அந்த வாதம் வேண்டாம். அவர் துறவு பூண்டபோது, தாய் கேட்டது ஒன்றே ஒன்று: நான் செத்தால் நீ வந்து கொள்ளி வைக்கவேண்டும். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். அப்படியே வந்தார். உறவினர் அடுக்கியிருந்த விறகை விலக்கிவிட்டுப் பச்சை வாழை மட்டையை அடுக்கித் தாயை அதன்மேல் வைத்தார் என்பது வரலாறாக வழங்கும் செய்தி.

அங்கே நின்று அவர் பாடிய பாடல்களைப் படியுங்கள். துறவி பாடியவை என்று சொல்லவே முடியாது. பத்து மாதம் உடம்பெல்லாம் நொந்து பெற்றாளே, வட்டிலிலும் தொட்டிலிலும் மார்மேலும் தோள்மேலும் வைத்து வளர்த்தாளே, அந்தத் தாய்க்கோ "விறகிலிட்டுத் தீமூட்டுவேன்" என்று கதறுகிறார். தேனே என்றும் செல்வமே என்றும் தன்னை அழைத்த அந்த வாய்க்கு வாய்க்கரிசி இடவேண்டியிருக்கிறதே என்று அரற்றுகிறார். ஒவ்வொரு பொருளாக, ஒவ்வோர் உறுப்பாகச் சொல்லி அழுகிறார். நம் வீட்டுப் பெண்கள் ஒப்பாரியில் செய்வது இதைத்தான். பிறகு திருவண்ணாமலைப் பெருமானைப் பார்த்து ஒரு கேள்வி கேட்கிறார்:

"வெந்தாளோ சோணகிரி வித்தகா நின்பதத்தில்
வந்தாளோ என்னை மறந்தாளோ"

உன் திருவடிக்கு வந்து சேர்ந்தாளா, என்னை மறந்துவிட்டாளா? இதில் இரண்டாவது கேள்வியைக் கவனியுங்கள். உலகத்தையே மறந்து போனவர், தன் தாய் தன்னை மறந்துவிடுவாளோ என்று பயப்படுகிறார். அப்பா எங்கே இருக்கிறார், நம்மை நினைக்கிறாரா என்று உங்களுக்கு இரவில் தோன்றுவதும் இதே கேள்விதான். அதைக் கேட்பதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. இந்த அழுகையெல்லாம் முடிந்த பிறகு, கடைசிப் பாடலில்தான், நேற்று இருந்தாள், இன்று வெந்து நீறானாள், பால் தெளிக்க எல்லோரும் வாருங்கள், எல்லாம் சிவமயம் என்கிறார். துக்கம் கேட்க வருகிறவர்கள் அந்த முடிவை முதல் நாளே நம்மிடம் எதிர்பார்க்கிறார்கள். "எல்லாம் சிவமயம், அழாதே" என்கிறார்கள். பட்டினத்தாரே அழுது தீர்த்த பிறகுதான் அங்கே வந்து சேர்ந்தார். எட்டு மாதத்தில் நீங்கள் அங்கே வரவில்லை என்றால் உங்களிடம் குறை எதுவும் இல்லை.

இனி, நம்பிக்கை மறுபடி வருமா என்ற கேள்வி. இதற்கு என்னிடம் இருக்கும் ஒரே நல்ல விடை அப்பரின் வாழ்க்கை. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அவருடைய சூலை நோயும் கல்லில் கட்டிக் கடலில் போட்ட கதையும் எல்லோருக்கும் தெரியும். அவர் பெற்றோரை இழந்த பிள்ளை என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

பண்ருட்டிக்கு அருகில் உள்ள திருவாமூர். தந்தை புகழனார், தாய் மாதினியார். மூத்தவள் திலகவதி, இளையவன் மருணீக்கி. இந்த மருணீக்கிதான் பின்னாளில் அப்பர். திலகவதியைக் கலிப்பகையார் என்ற படைத்தலைவருக்குப் பேசி முடித்திருந்தார்கள். புகழனார் நோயில் இறந்தார். அவரைத் தொடர்ந்து மாதினியாரும் உயிர் நீத்தார். அந்தச் சமயத்தில் போருக்குப் போயிருந்த கலிப்பகையாரும் களத்தில் மாண்டார் என்ற செய்தி வந்தது. பெற்றோர் பேசி முடித்தபடி நான் அவருக்கே உரியவள், அவர் போன இடத்துக்கே போகிறேன் என்று திலகவதியார் உயிரை விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்தான். அம்மாவும் அப்பாவும் போன பின்னும் நீ இருக்கிறாய் என்பதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன், நீயும் போவதானால் உனக்கு முன்னால் நான் போகிறேன் என்று அழுதான். அக்காள் நின்றாள். தம்பி இருக்கவேண்டுமே என்ற இரக்கத்தால் உயிரைத் தாங்கிக்கொண்டாள் என்று பெரியபுராணத்தில் சேக்கிழார் பாடுகிறார். அந்த வீட்டில் அப்போது பெரியவர் என்று யாரும் இல்லை. இரண்டு பிள்ளைகள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிறகு மருணீக்கியார் என்ன செய்தார்? உடனே சிவபக்தராகிவிடவில்லை. உலகம் நிலையில்லாதது என்று கண்டு அறச்சாலை வைத்தார், தண்ணீர்ப் பந்தல் அமைத்தார், வந்தவர்க்கு விருந்தளித்தார். அதுவும் போதவில்லை. நிலையாமைக்கு விடை தேடிச் சமணப் பள்ளிக்குப் போனார், கற்றார், தருமசேனர் என்ற பெயரோடு அங்கே தலைவராகவும் உயர்ந்தார். சைவர்கள் பலர் இந்தப் பகுதியைக் கறை போல் வேகமாகக் கடந்துவிடுவார்கள். நான் அப்படிப் பார்ப்பதில்லை. பெற்றோரைப் பறிகொடுத்த பிள்ளை, பிறந்த வீட்டுச் சாமியிடம் தனக்கு விடையில்லை என்று நினைத்து வேறிடம் போய் நேர்மையாகத் தேடியிருக்கிறான். நீங்கள் இப்போது பூஜை அறைக்கு வெளியே நிற்பதும் அத்தகைய ஒரு தேடல்தான். அது பாவம் என்று யாராவது சொன்னால் அப்பரைக் காட்டுங்கள்.

அக்காள் அவரைத் துரத்திக்கொண்டு போகவில்லை, வாதாடவில்லை. திருவதிகை வீரட்டானத்தில் கெடிலத்தின் கரையில் தங்கி, விடியும் முன் வாசலைக் கூட்டினாள், சாணமிட்டு மெழுகினாள், பூப் பறித்து மாலை கட்டினாள். தம்பிக்காக வேண்டிக்கொண்டாள். காலம் போயிற்று. தம்பிக்குச் சூலை வந்து குடலை முறுக்கியபோது அவருக்கு நினைவுக்கு வந்தது அக்காள். இரவில் வந்து காலில் விழுந்தார். அவள் திருநீற்றை ஐந்தெழுத்து ஓதிக் கொடுத்தாள். பொழுது விடியும் வேளையில், கோயிலைத் துப்புரவு செய்ய விளக்குமாறும் மெழுகும் தண்ணீர்த் தோண்டியும் எடுத்துக்கொண்டு தம்பியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனாள். அங்கேதான் "கூற்றாயினவாறு விலக்ககிலீர்" பிறந்தது. அந்த முதல் பாட்டின் முதல் சொல்லே கூற்று. அவருடைய பெற்றோரைக் கொண்டுபோனதும் கூற்றுதான். அவர் வாழ்நாள் முழுவதும் கையில் வைத்திருந்த, கோயில் புல்லைச் செதுக்கும் உழவாரம் அக்காளின் விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

பல காலம் கழித்துத் திருவாரூரில் அவர் பாடிய திருக்குறுந்தொகைப் பதிகத்தில் இரண்டு வரி வருகிறது:

"அம்மை யார்எனக் கென்றென் றரற்றினேற்கு
அம்மை யாரைத்தந் தார்ஆரூர் ஐயரே"

எனக்கு அம்மா யார் என்று அரற்றிக்கொண்டிருந்தேன், எனக்கு அம்மையாரைத் தந்தார் ஆரூர் இறைவர் என்கிறார். இங்கே அம்மையார் என்பது திலகவதியாரையே குறிக்கும் என்று உரைகாரர்கள் சொல்வார்கள். உங்கள் கேள்விக்கு நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான், தம்பி. பெற்றோரை இழந்து கதறியவருக்கு இறைவன் கனவில் தோன்றி ஆறுதல் சொல்லவில்லை. இறந்தவர்களைத் திருப்பித் தரவில்லை. கூடவே இருந்த, தன்னைப் போலவே எல்லாம் இழந்த ஓர் அக்காளைத் தாயாக்கித் தந்தார். அப்பர் முதுமையில் திரும்பிப் பார்க்கும்போதுதான் அதை இறைவன் கொடுத்தது என்று தெரிந்துகொள்கிறார். நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு அது தெரியவில்லை.

நீங்கள் உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: அம்மா மட்டும் தினமும் விளக்கேற்றுகிறார். எனக்கு உங்கள் கடிதத்தில் அதுதான் முக்கியமாகப் பட்டது. நீங்கள் அப்பாவை இழந்தீர்கள். அவர் அத்தனை ஆண்டு கூட வாழ்ந்தவரை இழந்தார். டயாலிசிஸ் நாட்களில் தண்ணீரை அளந்து கொடுத்தவரும், சோற்றுக்கு என்ன வைக்கலாம் என்று தினம் தவித்தவரும் அவராகத்தான் இருந்திருப்பார். அவர் எந்த நம்பிக்கையில் விளக்கேற்றுகிறார் என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்களா? கேளுங்கள். ஒருவேளை அவரும் கோபத்தோடுதான் ஏற்றுகிறாரோ என்னவோ. இன்று மாலை அவர் விளக்கேற்றும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். கும்பிட வேண்டாம், திரியை மட்டும் எடுத்துக் கொடுங்கள். விளக்குத் தேய்க்கும் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். திலகவதியார் தம்பியின் கையில் முதலில் கொடுத்தது திருநீறு, அடுத்து வேலை. கைக்கு ஒரு சிறு பணி இருந்தால் வாய்க்கு வராத பிரார்த்தனை அதன் வழியே வரும். இதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அடுத்து, கோழைத்தனம் என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வயதுக்காரர்கள் பலரும் கேட்பது. ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். திருச்சுழியில் வழக்குத் தொழில் செய்த சுந்தரமையரின் மகன், 1879-இல் பிறந்தவன். 1892-இல், அவனுக்குப் பன்னிரண்டு வயதாகும்போது, அப்பா இறந்தார். குடும்பம் பிரிந்தது. தாய் சிறு பிள்ளைகளோடு மானாமதுரைக்குப் போனார், இவனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்கள். 1896-இல் ஒரு நாள் அந்த வீட்டு மாடியில் திடீரென்று மரண பயம் அவனைப் பிடித்தது. ஓடி ஒளியவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. பிணத்தைப் போல் நீட்டிப் படுத்து, சாவது எது, சாகாதது எது என்று உள்ளே பார்த்தான். அதன் பிறகு மீனாட்சியம்மன் கோயிலில் அறுபத்துமூவர் சிலைகளின் முன்னால் நின்று கண்ணீர் விடுவது அவனுக்கு வழக்கமாயிற்று. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்குப் புறப்பட்டான். என் தகப்பனாரைத் தேடிக்கொண்டு அவருடைய உத்தரவின்படி கிளம்பிவிட்டேன், இதற்காக ஒருவரும் விசனப்பட வேண்டாம் என்று அந்தச் சீட்டில் இருந்தது. அவன்தான் ரமண மகரிஷி.

சுந்தரமையர் இறந்ததால்தான் அவர் அருணாசலத்தைத் தகப்பன் என்று தேடிப் போனார் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு ஞானியின் உள்ளத்தை அப்படி எளிதாக அளந்துவிட முடியாது. ஆனால் மரணத்தை நேருக்கு நேர் பார்த்து, பயத்தின் அடிவரை இறங்கிய ஒரு பதினாறு வயதுப் பையன் கடைசியில் எழுதிய சொல் தகப்பனார் என்பது. அதில் எங்கே கோழைத்தனம் இருக்கிறது? பின்னாளில் அவருடைய தாய் அழகம்மாள் 1922 மே 19 அன்று உயிர் பிரியும் நிலையில் கிடந்தபோது, காலையிலிருந்து இரவுவரை ஒரு கையைத் தாயின் மார்பிலும் மற்றொரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். அந்தத் தாயின் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமமே வளர்ந்தது. துயரத்திலிருந்து தப்பிக்க நினைப்பவர் மரணப் படுக்கைக்குப் பக்கத்தில் அவ்வளவு நேரம் உட்காரமாட்டார். நீங்களும் மருத்துவமனையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்தானே.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறேன். "அப்பன்நீ அம்மைநீ" என்று அப்பர் பாடினார் என்பதற்காக, இனிமேல் கடவுள்தான் உனக்கு அப்பா, அழாதே என்று சிலர் சொல்வார்கள். இறந்துபோன உங்கள் அப்பாவுக்குப் பதிலாக இறைவனை அந்த நாற்காலியில் உட்காரவைக்க வேண்டியதில்லை. அந்த இடம் அவருடையது, காலியாகவே இருக்கட்டும். சீர்காழிக் குளக்கரையில் ஞானசம்பந்தக் குழந்தை, நீருக்குள் மூழ்கிய தகப்பனைக் காணாமல், கோயில் சிகரத்தைப் பார்த்து அம்மே அப்பா என்று அழுதது. அம்மையப்பர் வந்து பால் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் தன்னைப் பெற்ற சிவபாத இருதயர் கரையேறி வந்தபோது அந்தக் குழந்தைக்கு அவர் அப்பாதான். அவர் தோளில் ஏறித்தான் தலம் தலமாகப் போயிற்று. ஒரு தகப்பன் வந்ததால் மற்றத் தகப்பன் இல்லாமல் போகவில்லை.

இனி ஓராண்டுக்குக் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது. இதைக் கேட்டுப் பலர் தவிக்கிறார்கள். தீட்டு என்பது சமூகத்தைப் பொறுத்துப் பத்து நாளோ பதினாறு நாளோ. கருமாதி முடிந்தால் தீட்டு கழிந்தது. அதற்கு மேல் ஓராண்டு மலைக்கோயிலுக்குப் போவதில்லை, கொடிமரம் உள்ள பெரிய கோயிலுக்குப் போவதில்லை, பண்டிகை கொண்டாடுவதில்லை என்பதெல்லாம் குடும்ப வழக்கம், வீட்டுக்கு வீடு மாறும். இந்த வழக்கத்தில் ஒரு கருணையும் உண்டு. துக்கத்தில் இருப்பவரை யாரும் தீபாவளிக்குப் புதுத்துணி உடுத்தச் சொல்ல முடியாது, கல்யாண வீட்டில் சிரித்த முகத்தோடு நிற்கச் சொல்ல முடியாது. அவரை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இறைவனை நாடும் மனத்தைத் தடுப்பதற்காக அது ஏற்படவில்லை. மீதி நான்கு மாதம்தானே, பெரியவர்கள் மனம் நோகும் என்றால் மலைக்கோயிலை விட்டுவிடுங்கள். தெருமுனைப் பிள்ளையாரையும் வீட்டு விளக்கையும் திருமுறையையும் உங்களுக்கு யாரும் தடை செய்யவில்லை. உங்கள் ஊர்க் குருக்களிடம் நேரே கேளுங்கள், பெரும்பாலும் அவரே போகலாம் என்பார்.

நீத்தாரை நினைப்பதும் இறைவனை வணங்குவதும் நம் மரபில் இரண்டு வேறு வேலைகள் அல்ல. இல்வாழ்வான் பேணவேண்டியவர்களைச் சொல்லும்போது வள்ளுவர் தென்புலத்தாரை, அதாவது இறந்த முன்னோரை, முதலில் வைத்துத் தெய்வத்தை அடுத்துத்தான் வைக்கிறார். திருவண்ணாமலையில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனானார் என்பது தலவரலாறு. மன்னர் போரில் இறந்தது 14-ஆம் நூற்றாண்டில். இன்றும் ஆண்டுதோறும் தைப்பூசத்தன்று அந்தச் சாவுச் செய்தி சுவாமிக்குச் சொல்லப்படும். மேளதாளம் நிறுத்தப்பட்டு, சுவாமி ஓசையில்லாமல் கோயிலுக்குத் திரும்புவார். மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் தகப்பனுக்குத் திதி கொடுப்பார். கும்பகோணம் சாரங்கபாணிப் பெருமாளும், வாரிசில்லாத தம் அடியார் ஒருவருக்காகத் தீபாவளியை ஒட்டிய அமாவாசையில் ஆண்டுதோறும் சிராத்தம் செய்கிறார். சைவமோ வைணவமோ, நம் ஊர்ச் சாமிகள் தகப்பனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தவர்கள். தந்தையை இழந்த மகனின் நிலை அவர்களுக்குத் தெரியாதது அன்று. இந்த இரண்டு செய்திகளையும் துக்க வீடுகளில் சொல்லும்போது, அதுவரை இறுகியிருந்த முகங்கள் சற்று இளகுவதைப் பார்த்திருக்கிறேன்.

உங்களுக்கு இன்னும் சில மாதங்களில் தலைத்திவசம், அதாவது முதலாண்டு நினைவுச் சடங்கு, வரும். அது ஆங்கிலத் தேதிப்படி வராது. அப்பா இறந்த தமிழ் மாதம், பட்சம், திதி மூன்றையும் பார்த்துப் பஞ்சாங்கப்படி கணிக்கவேண்டும். இப்போதே குறித்து வையுங்கள். அந்த நாள் நெருங்க நெருங்க மனம் மறுபடியும் பழைய இடத்துக்கே போகும். எல்லாம் ஆறிவிட்டது என்று நினைத்திருந்தவர்களுக்கும் அப்படித்தான். அதை எதிர்பார்த்திருங்கள். இடையில் வரும் அமாவாசைகளில், ஆடியிலோ புரட்டாசி மகாளயத்திலோ தையிலோ, நீர்க்கடன் செய்யுங்கள். மந்திரத்தில் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் கொள்ளுத்தாத்தா பெயரையும் சொல்லச் சொல்வார்கள். வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் யாரும் அவர் பெயரை எடுக்கத் தயங்கும்போது, மாதம் ஒரு முறையாவது அந்தப் பெயரை உரக்கச் சொல்ல ஓர் இடம் கிடைக்கிறது.

பாட்டுக்கு, ஒரே ஒரு பதிகத்தைத் தேர்ந்தெடுங்கள். புத்தகம் முழுவதையும் படிக்க முயலாதீர்கள். அப்பாவுக்குப் பிடித்த பாட்டு ஏதாவது இருந்தால் அதுவே நல்லது. இல்லையென்றால் திருவதிகையில் அப்பர் பாடிய அந்த முதல் பதிகம். வலியோடு பாடியது, உங்கள் வலிக்கு இசையும். இசை தெரியாவிட்டால் என்ன, வாசியுங்கள், குரல் வெளியே கேட்கவேண்டும். சில நாட்கள் ஒன்றுமே தோன்றாது, சொற்கள் வெறும் சொற்களாக இருக்கும். அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வாசியுங்கள். நம்பிக்கை திரும்பியதா என்று தினமும் சோதித்துப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. தூக்கம் அறவே போய்விட்டாலோ, சாப்பாடு இறங்காவிட்டாலோ, அப்பா போன இடத்துக்கே நானும் போய்விடலாமா என்ற எண்ணம் ஒரு முறையேனும் வந்திருந்தாலோ, அதைப் பதிகத்தோடு மட்டும் சமாளிக்க நினைக்காதீர்கள். திலகவதியாருக்கே அந்த எண்ணம் வந்தது, ஒரு தம்பி காலைப் பிடித்துக்கொண்டதால் நின்றார். அம்மாவிடம் சொல்லுங்கள், மருத்துவரைப் பாருங்கள். 104 அல்லது 14416 என்ற எண்ணுக்குக் கட்டணமில்லாமல் எந்த நேரமும் பேசலாம். அம்மாவையும் இதே கண்ணோடு கவனித்துக்கொள்ளுங்கள். அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

திவசத்தன்று அப்பாவோடு டயாலிசிஸ் செய்துகொண்டவர்கள் யாராவது இன்னும் இருந்தால், அவர்கள் வீட்டுக்குப் போய்வர அம்மாவையும் அழைத்துச் செல்லுங்கள். அவர்களில் ஒருவருக்கு மருந்துக்கோ ஊர்திச் செலவுக்கோ பணம் தேவைப்படலாம். நேர்த்திக்கடனுக்கென்று நீங்கள் எடுத்து வைத்த தொகை செலவாகாமல் இருந்தால் அதை அவருக்கே கொடுத்துவிடுங்கள். மருணீக்கியாரும் பெற்றோர் போன பிறகு முதலில் வைத்தது அறச்சாலையும் தண்ணீர்ப் பந்தலும்தான்.